எப்போதாவது திறக்கும் கோப்புகளுக்குத் தனி டிஸ்க்

பழைய படங்கள், காப்புப் பிரதிகள் போன்றவற்றைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது சுழல்வதை நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள், மின்சாரம் மிச்சமாகும். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸில் இந்த வசதி இருக்கிறது. லினக்ஸில் எச்டிபார்ம் (hdparm) கட்டளை போதும். 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுழலவே 5 வாட் அளவுக்கு இழுக்கும், மோட்டார் நின்றால் அது 1 வாட் பக்கம் இறங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள்: லாக் (நிரல்கள் தாமாக எழுதும் பதிவு), டவுன்லோடு, தேடல் இன்டெக்ஸ் எதுவும் அந்த டிஸ்க்கில் இருக்கக் கூடாது. துளி எழுதினாலும் டிஸ்க் விழித்துக்கொள்ளும், அப்புறம் மிச்சமே இல்லை.

மறுபடி சுழல ஆகும் சுமார் 10 நொடியைத் தாராளமாகப் பொறுக்கலாம். மணிக்குப் பலமுறை தேவைப்படும் கோப்புகள் என்றால் வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டிஸ்க் தேய்கிறது. பல டிஸ்க்குகளில் தரவைப் பிரித்து வைக்கும் ரெய்டு 5 அமைப்பில் ஒரு கோப்புக்காக எல்லா டிஸ்க்கும் எழும், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் மோட்டாரே கிடையாது; அதனால் இவற்றுக்கு இந்த வழி பொருந்தாது.