5ஜி வந்தும் கேம் ஏன் இழுக்கிறது? கொங்குப் பக்கம் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏனுங்க, 5ஜி போன் வாங்கியும் கேம் இழுக்குதுங்களே?" கோவை காந்திபுரத்து மொபைல் கடைகளில் இருந்து கோபி, தாராபுரம் வரைக்கும் இந்தக் கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கேட்பவர் பெரும்பாலும் பையனுக்குப் போன் வாங்கிக் கொடுத்த அப்பா. பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் காரணம் தெரியாது. கடைக்காரர் இதைவிட விலை கூடிய இன்னொரு போனை எடுத்துக் காட்டுவார்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. 2023 தொடக்கத்தில் கோவைக்கும் சேலத்துக்கும் வந்துவிட்டது. கேம் ஆடுகிறவர்களுக்கு இதனால் உண்மையான பலன் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பலன் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று தெரியாமல் நம் வீடுகளில் காசு தவறான இடத்தில் போகிறது. அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எம்பிபிஎஸ் கணக்கை மட்டும் பார்ப்பது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். எம்பிபிஎஸ் (Mbps) என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் வருகிறது என்ற நெட் வேகக் கணக்கு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 300 எம்பிபிஎஸ் காட்டுகிறது, அப்புறமும் எதிராளி திடீரென்று மறைந்து வேறு இடத்தில் முளைக்கிறான். நெட் வேகம் போதவில்லை என்று முடிவுகட்டி அடுத்த பெரிய பிளானுக்குத் தாவுகிறோம்.

ஒரு மேட்ச் ஓடும்போது போனுக்கும் சர்வருக்கும் (கேமை நடத்தும் தூரத்துக் கம்ப்யூட்டருக்கும்) இடையே போய்வருவது படமோ வீடியோவோ கிடையாது. நீங்கள் நிற்கும் இடம், திரும்பிய திசை, சுட்ட நொடி என்று சின்னச் சின்னத் தகவல்கள்தான். படத்தை வரைவதெல்லாம் உங்கள் போனே செய்துகொள்கிறது. அதனால் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்திய வடிவம்) மாதிரியான ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும். நல்ல 4ஜி இணைப்பே அதற்கு அளவில் தாராளம். கேமை இறக்கும்போதும் சில ஜிபி அப்டேட் வரும்போதும்தான் எம்பிபிஎஸ் உதவும்.

மேட்ச்சுக்குள் வேலை செய்வது வேறு மூன்று விஷயங்கள். நீங்கள் பட்டனைத் தொட்ட தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், அதாவது பிங். அந்த நேரம் ஒரே சீராக இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா என்பது இரண்டாவது. இதை ஜிட்டர் என்பார்கள். வழியில் தொலைந்துபோகும் தகவல் எவ்வளவு என்பது மூன்றாவது.

பவானிசாகரில் இருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அணையில் மதகைத் திறந்த அன்றைக்கே கடைமடைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கிடைத்துவிடாது. வாய்க்காலின் அகலம்தான் எம்பிபிஎஸ். தண்ணீர் வந்துசேர ஆகும் நேரம்தான் பிங். அகலத்தைக் கூட்டுவதால் மட்டும் கடைமடை கிட்டே வந்துவிடாது.

இந்த மூன்றிலும் ஜிட்டரைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், பிங் எப்போதும் 60 மில்லி செகண்டில் (ஒரு மில்லி செகண்ட் என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கும் இணைப்பு, 20-க்கும் 200-க்கும் இடையே குதிக்கும் இணைப்பைவிட ஆடுவதற்கு எத்தனையோ மேல். 60 நிலையாக இருந்தால் விரல் அதற்குப் பழகிவிடும். குதிக்கும் பிங்குக்கு எந்த விரலும் பழகாது.

"1 மில்லி செகண்ட்" என்ற நம்பிக்கை

5ஜி வந்தால் பிங் 1 மில்லி செகண்டாக இறங்கிவிடும் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். அந்த 1 மில்லி செகண்ட் என்பது 5ஜி தரத்தை வகுத்தபோது, தாமதமே கூடாத விசேஷப் பயன்பாடுகளுக்காக வைத்த இலக்கு. அதுவும் போனுக்கும் டவருக்கும் இடையிலான வானலைப் பகுதிக்கு மட்டும். டவரில் இருந்து கேம் சர்வர் வரைக்கும் உள்ள தூரம் அதில் சேராது.

அந்தத் தூரத்தை யாராலும் சுருக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். போய்வருவதைக் கணக்கிட்டால், 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மில்லி செகண்ட். கோவையில் இருந்து சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அதனால் குறைந்தது 5 மில்லி செகண்ட். சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே 3,000 கிலோமீட்டருக்கு மேல். போன் எதுவாக இருந்தாலும், சிம் எதுவாக இருந்தாலும், 30 மில்லி செகண்டுக்குக் கீழே அங்கே போய்வர வழியில்லை. கேபிள் வளைந்து நெளிந்து போவதையும் வழியிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் நிஜத்தில் இது இன்னும் நன்றாகக் கூடும்.

ஆகவே போன் மாற்றுவதற்கு முன்னால், கேமின் செட்டிங்ஸுக்குள் போய் எந்த சர்வரில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். வேலோரன்ட் கேமுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு மும்பையிலும் சென்னையிலும் இருக்கிறது. நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சர்வரை ஒருமுறை மாற்றிவிட்டு, திருப்பி மாற்றாமலே மாசக்கணக்கில் லேக் அடிக்குது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். ஸ்பீட் டெஸ்ட்டில் வரும் பிங்கை நம்புவதும் இதே ரகத் தவறு. அது உங்களுக்குப் பக்கத்திலுள்ள சர்வரைத் தேடிப்பிடித்து அளக்கிறது. உங்கள் கேம் சர்வர் அங்கே இல்லை. மேட்ச்சுக்குள் மூலையில் தெரியும் எண்தான் உண்மையான எண்.

இன்னொன்று. எல்லா 5ஜி-யும் ஒரே மாதிரி கட்டப்படவில்லை. நம் நாட்டில் ஜியோ முழுக்கத் தனித்து இயங்கும் 5ஜி-யாகத் தொடங்கியது. ஏர்டெல் ஏற்கனவே இருந்த 4ஜி அடித்தளத்தின் மேல் தொடங்கியது. இரண்டாவது முறையில் டவுன்லோட் வேகம் பிரமாதமாக ஏறும், ஆனால் இணைப்பைக் கட்டுப்படுத்தும் வேலை 4ஜி வழியாகவே நடப்பதால் பிங் அதே அளவுக்கு இறங்க வேண்டும் என்பதில்லை. இதை வைத்து ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் வீதியில் எந்த டவர் பக்கம் என்பதே பல நேரம் இதைவிடப் பெரிய விஷயம்.

வீட்டுக்குள் நடப்பது

இங்கே கிடைக்கும் 5ஜி-யில் பெரும்பங்கு 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. இந்த அலை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் சுவரைத் துளைப்பதில் 4ஜி-யின் தாழ்ந்த அலைவரிசைகளைவிடப் பலவீனம். கான்கிரீட் தளம், தகர ஷீட், பொள்ளாச்சிப் பக்கத்து அடர்ந்த தென்னந்தோப்பு எல்லாமே அதை விழுங்கும். உள் அறையில் உட்கார்ந்து ஆடினால் போன் ஒரு நிமிடம் 5ஜி-யைப் பிடிக்கும், அடுத்த நிமிடம் 4ஜி-க்கு இறங்கும். அப்படி மாறும் ஒவ்வொரு தடவையும் பிங் எகிறும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கேமில் நம் ஆள் சாவான்.

5ஜி சிக்னல் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று ஊசலாடும் இடத்தில், நெட்வொர்க் செட்டிங்கில் 4ஜி மட்டும் என்று வைத்துவிட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள். பல வீடுகளில் அது மேலாக இருக்கும். இதைச் சொன்னால் காசு கொடுத்து 5ஜி வாங்கியவருக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். அல்லது எழுந்து ஜன்னல் ஓரம் போங்கள், செலவே இல்லை. வால்பாறை, கொல்லிமலை மாதிரி மலைப்பாதைகளிலும், ஈரோட்டுக்கு ஓடும் ரயிலிலும் டவருக்கு டவர் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே போட்டி மேட்ச் ஆடுவதையே விட்டுவிடலாம்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு டவரின் கொள்ளளவை அதன் கீழ் உள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து, விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும் சாயங்கால வேளையில் பிங் ஏறினால் போனைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் ஒருமுறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தாலே விஷயம் புரிந்துவிடும். 5ஜி-யின் உண்மையான பலன் இந்த இடத்தில்தான் தெரியும்: கூட்டம் மிகுந்த பகுதியில் 4ஜி திணறும்போது 5ஜி அதிகப் பேரைத் தாங்கும். பளபளப்பான விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை, ஆனால் கேம் ஆடுகிறவருக்கு வேகத்தைவிட இதுதான் பெரிய வரவு.

வைஃபையில் ஆடுகிறவர்கள் ரவுட்டர் பெயரின் பின்னால் 5ஜி என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. மொபைல் 5ஜி-க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் ஒருவர் பெரிய ஃபைலை இறக்கினால், தகவல்கள் ரவுட்டரில் வரிசைகட்டி நின்று உங்கள் பிங் பாழாகும். ரவுட்டரில் கேமுக்கு முன்னுரிமை தரும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஆடினால் ரவுட்டரில் இருந்து நேரே இழுக்கும் லேன் வயரே நல்லது.

ஃபைபர் வராத தோட்டத்துச் சாளைகளில் 5ஜி ஏர்ஃபைபர், அதாவது 5ஜி சிக்னல் வழியே வீட்டுக்கு வரும் நெட், நல்ல வழி. ஆனால் ஆன்டெனாப் பெட்டியைக் கூரைமேலோ வெளிச்சுவரிலோ மாட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியை வீட்டுக்குள் வைத்தால் மறுபடியும் அதே சுவர்ப் பிரச்சினை.

அப்புறம் வெயில். சித்திரை மாசத்தில் ஷீட் கூரைக்கு அடியில், சார்ஜர் மாட்டியபடியே ஆடினால் போன் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடும், நாம் நெட்டைத் திட்டுவோம். கண்டுபிடிப்பது சுலபம்: பிங் எண் நிலையாக இருந்து படம் மட்டும் திக்கினால் பிரச்சினை போனில். படம் வழுக்கிக்கொண்டு ஓடும்போதே மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் தாவித்தாவி நகர்ந்தால் பிரச்சினை நெட்டில்.

கிளவுட் கேமிங்கில் அவசரப்படுவது

வேகமான நெட்வொர்க் விளையாட்டை உண்மையிலேயே தலைகீழாக்கக்கூடிய இடம் இதுதான். இங்கே கேம் உங்கள் போனில் ஓடாது. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும். அதன் படம் வீடியோவாக உங்கள் திரைக்கு வரும். நீங்கள் தொடுவது மட்டும் அங்கே போகும். லட்ச ரூபாய் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடிய ஆட்டம் சாதாரணப் போனிலும் ஓடும் என்பது, பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

ஆனால் இங்கே எம்பிபிஎஸ், பிங் இரண்டும் சேர்ந்தே வேண்டும். வீடியோவுக்கு 10 எம்பிபிஎஸ் ஓடுகிறது என்று வைத்தால் மணிக்கு 4.5 ஜிபி. 20 எம்பிபிஎஸ் என்றால் 9 ஜிபி. "அன்லிமிடெட் 5ஜி" போட்டிருக்கிறோமே என்று நினைக்கலாம். அந்த அன்லிமிடெட் போன் 5ஜி-யில் நிற்கும் வரைக்கும்தான். 4ஜி-க்கு இறங்கிய நொடியில் இருந்து தினசரி அளவில் கழியும். 2 ஜிபி அளவு, 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. மேலே சொன்ன ஊசலாட்டம் உங்கள் வீட்டில் இருந்தால், பையன் டேட்டாவை வீணடிக்கிறான் என்று திட்டுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கிளவுட் வந்துவிட்டது என்று கையில் இருக்கும் கன்சோலை (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியை) விற்பது. கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவையைத் தொடங்கி, 2023 ஜனவரி 18 அன்று மூடிவிட்டது. கேம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது நல்ல காரியம். எல்லா நிறுவனமும் அப்படித் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே மாதச் சந்தா மட்டும் கட்டி, சாயங்கால நேரத்தில், உங்கள் வீட்டிலேயே ஆடிப் பார்த்து முடிவெடுங்கள். யோசித்து ஆடும் ஆட்டங்கள், கதை ஆட்டங்கள், கார் ஓட்டும் ஆட்டங்கள் தாமதத்தை ஓரளவு பொறுக்கும். சுட்டு விளையாடும் போட்டி ஆட்டங்கள் பொறுக்காது.

வாங்கும்போதும் ஏமாறும்போதும்

பெட்டியில் 5ஜி என்று அச்சடித்திருப்பது போதாது. என்78 அலைவரிசை (மேலே சொன்ன 3.3 கிகாஹெர்ட்ஸ்) இருக்கிறதா, ஜியோ என்றால் என்28 (தாழ்ந்த 700 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் போனுக்கு இதை அவசியம் பார்க்க வேண்டும். ஜியோ, ஏர்டெல் 4ஜி சிம்மே 5ஜி-க்குப் போதும். சிம்மை 5ஜி-க்கு மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் அது திருட்டு, உடனே வைத்துவிடுங்கள். 5ஜி தொடங்கிய மாதமே பல மாநிலக் காவல்துறையினர் இதைப் பற்றி எச்சரித்தார்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். பிங் குறைக்கும் ஆப் என்று வருபவை பெரும்பாலும் விபிஎன்தான், அதாவது உங்கள் தகவலை வேறொரு சர்வர் வழியே அனுப்பும் ஆப். பாதையைச் சுற்றிவிட்டுப் பிங்கைக் கூட்டுவதே அதிகம்.

யூடியூபில் நேரலை போடும் பிள்ளைகள் அப்லோட் எண்ணையும் பார்க்க வேண்டும். இந்த 5ஜி அலைவரிசையில் இறக்கவும் ஏற்றவும் ஒரே அலையைத்தான் நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் பெரும்பங்கு இறக்குவதற்கே போகிறது. 300 எம்பிபிஎஸ் இறங்கும் இடத்தில் ஏற்றம் அதில் சிறு பங்காகவே இருப்பது சகஜம்.

கடைசியாக, பீளமேட்டிலும் பெருந்துறையிலும் சத்தியமங்கலத்திலும் கல்லூரியில் உட்கார்ந்து கேம் எழுதுகிற மாணவர்களுக்கு. வளாக வைஃபையில் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள். நெட்வொர்க் வேகமாகிவிட்டது, கோப்பு எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை என்று நினைப்பதும் வேண்டாம். பிங் 150-ஐத் தாண்டும்போதும், நூற்றில் ஐந்து பாக்கெட் (தகவல் பொட்டலம்) தொலையும்போதும் உங்கள் ஆட்டம் எப்படி நடக்கிறது என்று செயற்கையாக அந்த நிலையை உண்டாக்கிப் பாருங்கள். அதற்கு இலவசக் கருவிகளே இருக்கின்றன. ஆட்டக்காரரின் அடுத்த அசைவை முன்கூட்டிக் கணித்துத் திரையில் காட்டி, சர்வர் பதில் வந்ததும் திருத்தும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். 5ஜி-க்கும் 4ஜி-க்கும் இடையே போன் தாவும்போது அதன் இணைய முகவரி மாறினாலும், மேட்ச்சில் இருந்து ஆளை வெளியே தள்ளாமல் மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி எழுதுங்கள். உடுமலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு முழு மேட்ச் ஆடிப் பார்த்த பிறகு வெளியிடுங்கள்.