பேய்க்குப் பசித்தால்: சாப்பாட்டை வைத்து முதல் பேய்க்கதை எழுதுவது எப்படி?

வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம், தானாக அணையும் மின்குமிழ். முதல் பேய்க்கதை எழுதுகிற முக்கால்வாசிப் பேர் இவற்றில்தான் கை வைக்கிறார்கள். அவற்றை வரவேற்பறையிலேயே விட்டுவிட்டுக் குசினிக்குள் வாருங்கள். பொழுதுபட்ட பிறகு பொரித்த மீனையோ இறைச்சியையோ யாருக்காவது கட்டிக் கொடுக்கும்போது ஒரு கரித்துண்டையோ இரும்பாணியையோ கூட வைத்து அனுப்புகிற அம்மம்மாமார் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள். பொரியல் மணத்துக்குப் பேய் பின்னால் வரும் என்பது தமிழர், சிங்களவர் இருபக்கமும் உள்ள நம்பிக்கை. கதைக்கான விதை அங்கேயே கிடக்கிறது.

ஒரு சின்னக் கதையைக் கட்டிக்கொண்டே படிகளைப் பார்ப்போம். களம் வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை, பழைய வீடு. அறைகளை வாடகைக்கு விட்டுச் சாப்பாடும் கொடுக்கும் ஒரு அன்ரி. புதிதாக வந்திருக்கும் பெடியன் ஒருவன்.

படி 1: பேயின் பசியைத் தீர்மானியுங்கள்

"பழிவாங்க வந்தது" என்று தொடங்கினால் கதை பாதியிலேயே பழசாகிவிடும். எதற்குப் பசிக்கிறது என்று கேளுங்கள். சிங்கள பௌத்தர் சொல்லும் பிரேதயாவைப் பாருங்கள்: பானை வயிறு, ஊசித்துளை வாய், எவ்வளவு இருந்தாலும் உண்ண முடியாத சாபம். உறவினர் தானம் கொடுத்து அந்தப் புண்ணியத்தை அதன் பேருக்குச் சேர்த்தால்தான் ஆறுதல். எங்கள் பக்கத்தில் எட்டுச் செலவன்று, அதாவது இறந்த எட்டாம் நாள் சடங்கில், செத்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி, சில வீடுகளில் சாராயமும் சுருட்டும்கூடப் படைப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி எழும்: படைக்க ஆளில்லாமல் போனவருக்கு யார் போடுவது?

எங்கள் பேய், அதே அறையில் முன்பு தங்கியிருந்து இறந்துபோன ஒரு பெடியன். அவனைச் "சாப்பிட வா" என்று கூப்பிட இப்போது யாருமில்லை. அவ்வளவுதான் அவன் பசி.

படி 2: ஒரு சட்டம் போடுங்கள்

பேய் எதைச் சாப்பிடும், எப்படிச் சாப்பிடும்? மணத்தை மட்டுமா, உருசியையா, சட்டியோடவா? கிரேக்கக் கதையில் பெர்செபொனி பாதாளத்தில் மாதுளை முத்துகளைத் தின்றதால்தான் ஆண்டில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று. தின்றால் மாட்டினாய் என்பது ஒரே ஒரு சட்டம், முழுக் கதையும் அதில் நிற்கிறது. எங்கள் கதைக்கு: வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் பேய் சாப்பிடும், அதுவும் உருசியை மட்டும் எடுக்கும். போட்ட சட்டத்தை நடுவில் மாற்றவே கூடாது. தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

படி 3: முதல் தடயத்தை நாக்கில் வையுங்கள்

இதில் நேரம் செலவழியுங்கள். காரைக்கால் அம்மையார் கதையில் என்ன நடக்கிறது? கணவன் அனுப்பிய மாம்பழம் இரண்டில் ஒன்று அடியாருக்குப் போய்விட்டது. மற்றதைச் சாப்பிட்டவன் அடுத்ததையும் கேட்கிறான். அவர் இறைவனை வேண்ட, கைக்கு ஒரு பழம் வருகிறது. அதன் சுவை முந்தியதைப்போல் இல்லை. உடனே அவன் கேட்கிறான், இது எங்கிருந்து வந்தது என்று. பிறகு அவர் பேயுருவை வேண்டிப் பெறும் வரை போகிற அந்த வரலாறு ஒரு வாய் மாம்பழத்தில் திரும்புகிறது. பயங்கரமான அந்தப் பேயுருவுக்கு நாம் பிறகுதான் வருகிறோம். சுவைதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

எங்கள் கதையில் இப்படி வைக்கலாம்:

"சாப்பிட வாங்கோ தம்பி" என்று அறைப் பக்கம் திரும்பிப் பாராமலே கூப்பிட்டுவிட்டு அன்ரி இரண்டு கோப்பையிலும் சொதி விட்டாள். இடியப்பத்தைப் பிய்த்துத் தோய்த்து அவன் வாயில் வைத்தான். உப்பில்லை, புளியில்லை.

"அன்ரி, இண்டைக்கு உப்புப் போட மறந்திட்டீங்களோ?"

அவள் தன் கோப்பையில் விரலைத் தொட்டு நக்கினாள். "எனக்குக் கரிக்குது தம்பி."

ஒரே சட்டிச் சொதி.

இரத்தம் ஒரு சொட்டும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? "அவன் உடல் சிலிர்த்தது" என்று அடுத்து எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள்.

படி 4: நாளும் நேரமும் பிழைக்கட்டும்

சாப்பாட்டுக்கு நாட்காட்டி உண்டு. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு. ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் இருக்கும், கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. மற்ற நாட்களில் அதை யார் தேடுகிறார்கள்? தை மாதத்தில் ஒரு காலை அன்ரியின் அடுப்பில் காத்தோட்டிக்காய் பொரிந்துகொண்டிருந்தால், அதுவும் "ஆர் வாங்கினது?" என்று அவளே கேட்டால், ஈழத்து வாசகர் நிமிர்ந்து உட்காருவார். செத்துப்போன பெடியனுடைய தகப்பன் பற்றி ஒரு வரியை முன்னமே போட்டு வைத்திருங்கள்.

நேரத்துக்கு, ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்றுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோ போதும். பீத்தோவன் மெட்டுடன் காலையும் மாலையும் வரும் அதை இரவு இரண்டு மணிக்கு ஒழுங்கைக்குள் வரவிடுங்கள். ஒருமுறை மட்டும். இரண்டாம் முறை வந்தால் சிரிப்பு வரும்.

படி 5: கொத்துச் சத்தம்

பின்னணிக்குக் காலி வீதிக் கடைகளின் கொத்து ரொட்டித் தகடு நன்று. அது ஓய்ந்ததும் பக்கத்து அறையில் கோப்பை வழிக்கும் சத்தம் கேட்கலாம். இதற்கு மேல் ஒலி வேண்டாம்.

படி 6: முடிவில் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்

புதுக் காரணம் தேடாதீர்கள், பூசாரியையும் கூப்பிடாதீர்கள். நாம் போட்டது "கூப்பிட்டால்தான் சாப்பிடும்" என்ற சட்டம். ஆகவே அன்ரி கூப்பிட வேண்டும். தெரிந்தா, தெரியாமலா என்பது உங்கள் தெரிவு. என் விருப்பம் தெரிந்தே. அவள் மூன்றாவது கோப்பையைக் கழுவி எடுத்து வைத்து, "தம்பிமார், ரெண்டு பேரும் வாங்கோ, ஆறப்போகுது" என்கிறாள். அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எழுதி முடித்ததும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் யாருக்காவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் கை கோப்பையிலேயே நிற்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். திருத்தி எழுதும்போது அந்த வரியை மட்டும் தொடாதீர்கள், அதற்குப் பிறகு வரும் விளக்கங்களைத் தாராளமாக வெட்டுங்கள்.