பிள்ளை அமெரிக்காவில் கைதாகிவிட்டால்: கடலூரில் இருந்தபடி செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று போன் வந்தால் நம் ஊரில் முதலில் கதவைச் சாத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றே இரண்டு மூன்று நாள் போய்விடும். அந்த நாட்கள்தான் ரொம்ப முக்கியமானவை. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் நான். என் அக்கா மகன் டெக்சஸில் மாட்டிக்கொண்டபோது, நம் கோர்ட்டில் பழகிய வழிகளில் எது அங்கே செல்லும், எது செல்லாது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் மேல் என்ன வழக்கு என்பதை எழுத மாட்டேன், அது அவனுடைய விஷயம். இப்போது ஊருக்கு வந்துவிட்டான். அவன் வாயால் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடிப்பது. புதிதாகக் கைதானவர் பெரும்பாலும் கவுண்டி ஜெயிலில் இருப்பார். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி, அங்கே ஷெரிஃப் என்பவர் ஜெயிலை நடத்துவார். விசாரணை முடியாதவர்களும் ஒரு வருடத்துக்குள் தண்டனை பெற்றவர்களும் அங்கே. அதற்கு மேல் தண்டனை என்றால் மாநிலச் சிறை. மத்திய அரசு வழக்கு என்றால் அதற்குத் தனிச் சிறைத்துறை. விசா சிக்கல் என்றால் குடியேற்றத் துறையின் தடுப்பு மையம், அந்தத் துறையை அங்கே எல்லோரும் ‘ஐஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலான கவுண்டி ஜெயில்கள் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை இணையத்திலேயே போடுகின்றன. பெயர், புக்கிங் நம்பர் (ஜெயிலில் பதிந்த எண்), குற்றப் பிரிவு, ஜாமீன் தொகை, பல இடங்களில் போட்டோவும் இருக்கும். மத்தியச் சிறைத்துறைக்கும் ஐஸுக்கும் தனித்தனித் தேடல் பக்கங்கள் உண்டு. ஐஸ் பக்கத்தில் குடியேற்றத் துறை கொடுக்கும் ‘ஏ நம்பர்’ என்ற 9 இலக்க எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால் உடனே கிடைத்துவிடும். எண் தெரியாவிட்டால் பெயரும் பிறந்த நாடும் போட்டுத் தேட வேண்டும்.

பெயரில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பிள்ளையின் ரெக்கார்டு அப்பா பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் பாஸ்போர்ட் ஜெராக்ஸை எதிரே வைத்துக்கொண்டு பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். போட்டோ வந்தால் அம்மாவிடம் காட்ட வேண்டாம். தூக்கமில்லாத கண், கலைந்த தலை, பின்னால் சாம்பல் சுவர் என்று எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தில் யாரைப் பார்த்தாலும் குற்றவாளி மாதிரிதான் தெரியும்.

இந்தப் பட்டியலில் பெயரைப் பார்க்கும் வரை யாருக்கும் ஒரு பைசா அனுப்பாதீர்கள். ‘உங்கள் மகன் ஸ்டேஷனில் இருக்கிறான், உடனே பணம் கட்டுங்கள்’ என்று மிரட்டும் மோசடிப் போன்களும் நிறைய வருகின்றன.

அடுத்தது தூதரகம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவரிடம் ‘உன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லவா?’ என்று கேட்க வேண்டும். சில நாட்டுக்காரர்கள் விஷயத்தில் கைதி கேட்காவிட்டாலும் தகவல் போய்விடும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. பையன் தன் வாயால் ‘சொல்லுங்கள்’ என்றால்தான் தகவல் போகும். பயத்திலும் வெட்கத்திலும் பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அவனுக்கு யார் மூலமாகச் செய்தி போனாலும் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: தூதரகத்துக்குச் சொல்லச் சொல். டெக்சஸ் என்றால் ஹூஸ்டன் துணைத் தூதரகம், நியூஜெர்சிக்கு நியூயார்க், ஜார்ஜியாவுக்கும் புளோரிடாவுக்கும் அட்லாண்டா, இல்லினாய்ஸ் மிச்சிகனுக்கு சிகாகோ. இங்கிருந்தபடி நீங்கள் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். 2015-லிருந்து இருக்கிறது, எண் கொடுப்பார்கள், அதை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனு, சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு மனு. மனு போட்டால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

தூதரகம் பையனை வெளியே கொண்டுவந்துவிடாது. போய்ப் பார்ப்பார்கள், வக்கீல்கள் பட்டியல் தருவார்கள், பாஸ்போர்ட் இல்லையென்றால் ஊர் திரும்பத் தாள் தருவார்கள். ஆனால் வெளியிலிருந்து கேட்க ஆள் இருக்கிறது என்று ஜெயில்காரருக்குத் தெரிவதே ஒரு பலம். 2019 ஜனவரியில், அமெரிக்க அதிகாரிகளே போலியாக நடத்திய ஃபார்மிங்டன் பல்கலைக்கழக வழக்கில் 129 இந்திய மாணவர்கள் பிடிபட்டார்கள். அப்போது தூதரகம் 24 மணி நேர உதவி எண்ணே திறந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பையன் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் இந்தியத் தூதரகம் தலையிட முடியாது. அவனுக்கு பிரெஞ்சுத் தூதரகம்தான். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் அண்ணன் இந்தியக் குடிமகனாகவும் தம்பி பிரெஞ்சுக் குடிமகனாகவும் இருப்பது உண்டு. எந்த பாஸ்போர்ட்டில் போனான் என்று பார்த்துவிட்டு, பிரெஞ்சு என்றால் புதுவையில் இருக்கும் அவர்களுடைய தூதரகத்தில் போய்க் கேளுங்கள்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் வசதியில்லாதவர் என்றாலும் அவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்ப்பு சொன்னது. அப்படி அரசு செலவில் வரும் வக்கீலைக் குறைவாக நினைக்க வேண்டாம், அந்தக் கோர்ட்டிலேயே புழங்குகிறவர். ஆனால் குடியேற்றக் கோர்ட்டில் அரசு செலவில் வக்கீல் கிடையாது. நாமே பார்க்க வேண்டும், அல்லது இலவசமாக வாதாடும் தொண்டு அமைப்புகளைப் பிடிக்க வேண்டும். அங்கே தண்டனை பெறுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வழக்கு நடத்தாமல், பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிப்பவர்கள். ‘ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்’ என்பார்கள். உள்ளே கிடக்கிறவனுக்கு அதைவிட இனிப்பான வார்த்தை வேறு கிடையாது. விசாவில் இருக்கிறவன் அப்படி ஒப்புக்கொண்டால் நாடு கடத்தல் வரை போகலாம். அந்த ஆபத்தை வக்கீல் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2010-ல் படில்லா வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வாய்தா வாங்கச் சொல்லுங்கள்.

ஜாமீனில் நம் வழக்கம் செல்லாது. இரண்டு பேர் சொத்துப் பத்திரத்தோடு வந்து நின்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பல மாநிலங்களில் தொகையை முழுதாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜாமீன் ஏஜென்ட் ஒருவருக்குப் பொதுவாக 10 சதவீதம் கொடுக்க வேண்டும், அந்தப் பணம் திரும்பி வராது. இல்லினாய்ஸ் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஐஸ் துறை ‘இவனை எங்களுக்காக நிறுத்தி வை’ என்று ஜெயிலுக்குத் தாள் அனுப்பியிருந்தால், நீங்கள் ஜாமீன் கட்டிய கையோடு அவன் வீட்டுக்கு வரமாட்டான், தடுப்பு மையத்துக்குப் போய்விடுவான். பணம் கட்டும் முன் அந்தத் தாள் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். அப்புறம், ‘எனக்கு டில்லியில் ஆள் தெரியும், பேசி முடித்துவிடலாம்’ என்று இங்கே யாராவது வருவார்கள். அமெரிக்க கவுண்டி நீதிபதியிடம் டில்லி ஆளால் எதுவும் நடக்காது. அந்தப் பணத்தை அங்கே வக்கீலுக்குக் கொடுங்கள்.

இனி போன். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல மனசோடு பேசிக் கெடுப்பது இங்கேதான். ஜெயிலிலிருந்து வரும் போன்கள் பதிவாகின்றன, வக்கீலோடு பேசுவதற்கு மட்டும் விலக்கு. அழைப்பு வந்ததும் இயந்திரக் குரல் அதைச் சொல்லும், ஒரு பட்டனை அழுத்தினால்தான் பையன் குரல் வரும். அம்மா குரலைக் கேட்டதும் அவனும் அழுவான், இவளும் அழுவாள். ‘ஏன்டா இப்படிப் பண்ணே?’ என்பாள். ‘தெரியாம பண்ணிட்டேம்மா’ என்பான். தாய்க்கும் பிள்ளைக்கும் அது சமாதான வார்த்தை. அரசுத் தரப்பு வக்கீலுக்கு அது வாக்குமூலம். தமிழில்தானே பேசுகிறோம் என்று இருக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். என் அக்காவுக்கு நான் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டினேன்: சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பு எப்படி, வக்கீல் வந்தாரா, யாரும் அடிக்கிறாங்களா, எவ்வளவு பணம் இருக்கு. இதைத் தவிர எதுவும் கேட்காதே அக்கா என்றேன். ‘அதுகூடக் கேட்கக் கூடாதா தம்பி?’ என்று கோபித்துக்கொண்டாள். கேட்கக் கூடாதுதான்.

பல கவுண்டி ஜெயில்களிலிருந்து இந்திய நம்பருக்கு நேராகப் பேசவே முடியாது. அங்கேயே இருக்கும் ஒரு சொந்தக்காரரையோ நண்பரையோ பொறுப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனில் முன்பணம் கட்டிக் கணக்கு திறப்பார். ஆனால் அவர் பையனோடு பேசிக்கொண்டே நம்மையும் கான்பரன்ஸ் காலில் சேர்க்கக் கூடாது. மூன்றாவது ஆளைச் சேர்ப்பதைப் பெரும்பாலான ஜெயில்கள் தடை செய்திருக்கின்றன, கண்டுபிடித்தால் லைன் துண்டாகும், பையனுக்குப் போன் சலுகையே போகும். சில இடங்களில் கைதிகளுக்கு டேப்லெட் தருகிறார்கள், அதற்கு இங்கிருந்தே காசு கட்டிச் செய்தி அனுப்பலாம், வீடியோவிலும் பார்க்கலாம். டெக்சஸில் கோடைக்கால ராத்திரி 8 மணி என்றால் நமக்குக் காலை 6.30. குளிர்காலத்தில் 7.30.

கடிதம் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். கேப்பர் மலை ஜெயிலுக்கு மனு பார்க்கப் போகிற மாதிரி பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோக வழியில்லாத இடத்தில் கடிதம் ஒன்றுதான் கைக்குப் போகும். அதுவும் பல ஜெயில்களில் ஸ்கேன் செய்த நகல்தான். வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு மை. ஸ்டிக்கர், பளபளப்பு, வாசனை எதுவும் வேண்டாம். உறைமேல் புக்கிங் நம்பர் எழுத மறந்தால் திரும்பிவிடும். தமிழில் எழுதலாம், பிரித்துப் பார்க்கிறவருக்குப் படிக்கத் தெரியாததால் தாமதமாகலாம் என்று நாலு வரி ஆங்கிலத்திலும் எழுதினோம். புத்தகம் என்றால் கடையிலிருந்து நேராகப் போகும் புது பேப்பர்பேக் மட்டும்தான் பொதுவாக விடுவார்கள்.

அக்கா கரையேறவிட்ட குப்பத்துக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்து, கடித உறைக்குள் விபூதி மடித்து வைத்தாள். நான் எடுத்துவிட்டேன். 2001-ல் ஆந்த்ராக்ஸ் பொடியைத் தபாலில் அனுப்பிச் சிலர் செத்த பிறகு, உறைக்குள் வெள்ளைப் பொடி என்றால் அந்த நாடே பதறும். கடிதம் போய்ச் சேராது என்பது மட்டுமில்லை, பையன் மேல் இன்னொரு விசாரணை வரலாம். குங்குமமும் வேண்டாம், கயிறும் வேண்டாம். சாமி பெயரை எழுதுங்கள், அது போகும்.

உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் போனில் சரியானதைக் கேட்க முடியும். என் அக்கா மகன் சொன்னதில் முதல் விஷயம் குளிர். மெல்லிய போர்வை ஒன்று, ராத்திரி முழுக்க விளக்கு அணையாது. டெக்சஸ் மாநிலச் சிறைகளில் கதை தலைகீழ், பலவற்றில் முழுக் குளிர்சாதனம் இல்லாமல் கோடையில் வேகிறார்கள். காலைச் சாப்பாடு விடியற்காலை 4 மணிக்கு முன்னாலேயே வந்துவிடுமாம், சாயந்திரச் சாப்பாடும் சீக்கிரம், அதற்கப்புறம் நீண்ட பசி. சைவம் என்றால் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். மத நம்பிக்கைப்படி உணவு கேட்கும் உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாக்கிறது. கேட்கும் வரை அவன் ரொட்டியை மட்டும் தின்று, இறைச்சித் துண்டை அடுத்தவனுக்குக் கொடுத்து நூடுல்ஸ் வாங்கியிருக்கிறான். அந்த நூடுல்ஸ் பாக்கெட்டை அங்கே ‘சூப்’ என்பார்கள், ஜெயிலுக்குள் அதுதான் காசு. அதனால் கமிசரி என்ற ஜெயில் கடைக்கான கணக்கில் மாதாமாதம் கொஞ்சம் பணம் போடுங்கள், நிறைய வேண்டாம். நிறைய இருப்பது தெரிந்தால் கடன் கேட்பார்கள், கொடுக்காவிட்டால் சண்டை. கடன் வாங்காதே, கொடுக்காதே, சூதாடாதே, வழக்கு விவரத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் சொல்லாதே என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கைதியின் மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1976-லேயே தீர்ப்பு உண்டு. ஆனால் உங்கள் பிள்ளைக்கு என்ன வியாதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே பார்த்த டாக்டரிடம் லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயர் போடாமல் மருந்தின் மூலப் பெயரும் அளவும் இருக்க வேண்டும். நம் பாராசிட்டமாலையே அங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். அதை வக்கீல் மூலமாக ஜெயில் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, தூதரகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ‘ஹோல்’ என்ற தனிமைக் கொட்டடியில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தாலும் அதே மாதிரி உடனே எழுதுங்கள். நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ தனியாக அடைத்து, அதை 15 நாளுக்கு மேல் நீட்டுவதை ஐ.நா.வின் 2015 மண்டேலா விதிகள் கூடாது என்கின்றன. அமெரிக்க ஜெயில்கள் அதற்குக் கட்டுப்படுவதில்லை, இருந்தாலும் தேதி போட்டுக் கேள்வி கேட்ட கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

வெளியே வரும் நாளில் பாஸ்போர்ட், போன், பர்ஸ் எல்லாம் பட்டியல்படி வந்ததா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு அந்தக் கோர்ட் கிளார்க் ஆபீஸில் சான்றிட்ட நகல் கிடைக்கும். தள்ளுபடி ஆகியிருந்தாலும் மூன்று நான்கு பிரதி வாங்கச் சொல்லுங்கள். இனி எந்த அமெரிக்க விசா படிவத்திலும் ‘கைதானது உண்டா’ என்று கேட்பார்கள், உண்டு என்று எழுதித்தான் ஆக வேண்டும், அப்போது இந்தத் தாளைக் கேட்பார்கள். ஊருக்கு வந்துவிட்ட பிறகு இங்கிருந்து எழுதிப்போட்டு வாங்க மாதக்கணக்கில் ஆகிறது.