மோடல் வினைகள்: தமிழ் வினையின் வாலைப் பிடித்து இங்கிலீஷ் பேசுவது எப்படி?

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். முடியும், வேண்டும், கூடாது போன்ற அர்த்தங்களைச் சொல்ல இன்னொரு வினைக்கு முன்னால் வரும் இந்தத் துணைவினைகள்தான் மோடல்கள். இந்த ஒன்பதையும் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்தும், பேச வாயைத் திறந்தால் குழப்பம் வருகிறதா? பட்டியலை ஓரமாக வையுங்கள். சொல்ல நினைக்கும் தமிழ் வினையின் வாலை, அதாவது ‘முடியும்’, ‘லாம்’, ‘வேண்டும்’ என்று அதன் கடைசியில் வருவதைப் பாருங்கள். தமிழில் இந்த வேலையைச் செய்வது அந்த வால்தான்.

படி 1: அமைப்பு. மோடலோடு ‘ஸ்’ ஒட்டாது. அதன் பின்னால் வினை ‘டு’ இல்லாமல் மொட்டையாக வரும். ‘ஷி கேன் ஸ்விம்’ சரி. ‘ஷி கேன்ஸ் ஸ்விம்’, ‘ஷி கேன் டு ஸ்விம்’ இரண்டும் தவறு. கேள்வி கேட்க மோடலை முன்னால் நகர்த்தினால் போதும்: ‘கேன் ஷி ஸ்விம்?’

படி 2: ‘முடியும்’, ‘தெரியும்’. நீந்த முடியும், நீந்தத் தெரியும், இரண்டுக்கும் கேன்தான். சின்ன வயதில் முடிந்தது என்றால் குட்.

படி 3: ‘லாம்’. ‘நீ போகலாம்’ என்பது அனுமதி: ‘யூ கேன் கோ’. கொஞ்சம் முறையாகச் சொல்ல ‘யூ மே கோ’. ‘இன்று மழை வரலாம்’ என்பது சந்தேகம்: மே அல்லது மைட். இங்கே கேன் போடாதீர்கள். ‘போகலாமா?’ என்று கூட இருப்பவரைக் கேட்டால் ‘ஷல் வி கோ?’

படி 4: ‘வேண்டும்’. இங்கேதான் நிதானம் தேவை. கட்டாயம் என்றால் மஸ்ட், அறிவுரை என்றால் ஷுட். ஆனால் ‘மஸ்ட் நாட்’ என்றால் ‘கூடாது’. ‘தேவையில்லை’ என்பதற்கு ‘டோன்ட் ஹேவ் டு’. இலவச நிகழ்ச்சிக்கு வந்தவரிடம் ‘யூ மஸ்ட் நாட் பே’ என்றால், பணம் கொடுப்பதே தப்பு என்று ஆகிவிடும்.

அப்புறம் ‘போயிருக்க வேண்டும்’. தமிழில் ஒரே வடிவம், இங்கிலீஷில் இரண்டு. வாசலில் செருப்பைக் காணோம், அவர் போயிருக்க வேண்டும்: ‘ஹி மஸ்ட் ஹேவ் கான்’. நேற்றே டாக்டரிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை: ‘ஹி ஷுட் ஹேவ் கான்’. முதலாவது ஊகம், இரண்டாவது ஆதங்கம். மொழிபெயர்க்கும் முன் எது என்று உங்களையே கேளுங்கள்.

படி 5: பயிற்சி. வீட்டுச் சாவி தொலைந்ததாக வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பையில் இருக்கலாம்: ‘இட் மைட் பி இன் த பேக்’. பையில்தான் இருக்க வேண்டும்: ‘இட் மஸ்ட் பி இன் த பேக்’. பையில் இருக்க வாய்ப்பே இல்லை: ‘இட் கான்ட் பி இன் த பேக்’. ஊகத்தில் மஸ்டுக்கு எதிர் ‘மஸ்ட் நாட்’ அல்ல, ‘கான்ட்’.