படுத்துவிட்ட ஆமை: முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் தீனி

ஆமை நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்றதும் கீரையை நறுக்கி வாய்க்குள் திணிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிற முதல் வைத்தியம். உண்மையில் அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. ஆமைக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. இருக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்துத்தான் அதன் குடல் அசையும், சிறுநீரகம் வேலை செய்யும், போட்ட ஊசிமருந்து உடம்பில் பரவும். குளிர்ந்த ஆமையின் வயிற்றுக்குள் போன தீனி செரிக்காமல் புளித்து வாயு கட்டும். நீர் வற்றிய உடம்புக்குள் போனால் இன்னும் கேடு.

இங்கே சொல்வதெல்லாம் சல்காட்டா எனப்படும் ஆப்பிரிக்கத் தரை ஆமைக்கு. இந்தியாவில் அதை வளர்ப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நட்சத்திர ஆமை அப்படியல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அடிபட்டோ நோயோடோ கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

வாயைத் திறந்து, கழுத்தை முன்னே நீட்டி நீட்டி மூச்சு வாங்குவது, வயிற்றுப் பக்க ஓடு சிவந்து தெரிவது, கழிவாயிலிருந்து சதை வெளியே தள்ளியிருப்பது, தூக்கினால் கால்களை உள்ளிழுக்காமல் துவண்டு தொங்கவிடுவது, புண்ணில் புழு. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைவரை காத்திருக்கக் கூடாது. வெளியே தள்ளிய சதையைச் சுத்தமான சலைனில் நனைத்த துணியால் மூடி, காயவிடாமல் எடுத்துப் போங்கள். விரலால் உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும்வரையும், பார்த்து வந்த பிறகும், ஆமைக்கு ஒரு நோயாளிப் பெட்டி வேண்டும். 600 கிராம் ஆமைக்கு 60×40 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டி போதும், பக்கச் சுவர் உள்ளே தெரியாததாக இருந்தால் நல்லது. அடியில் பழைய செய்தித்தாள் அல்லது துண்டு. மணலோ தேங்காய் நாரோ போடாதீர்கள், எச்சமும் சிறுநீரும் என்ன நிறத்தில் வருகிறது என்று பார்த்தாக வேண்டும். வெளிச்சம் தராத செராமிக் சூடேற்றியை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மேலே மாட்டி, ஆமையின் ஓடு இருக்கும் உயரத்தில் வெப்பமானியை வையுங்கள். பகலில் 30 முதல் 32 டிகிரி, இரவில் 28-க்குக் கீழே இறங்கக் கூடாது.

நல்ல உடம்போடு இருக்கும் ஆமைக்கு ஒரு மூலையில் மட்டும் 38 டிகிரி வெயில் இடம் கொடுப்போம், சுட்டால் அதுவே நகர்ந்துகொள்ளும். படுத்துவிட்ட ஆமை நகராது. பல்புக்கு நேர் கீழே கிடந்து ஓடு வெந்துபோகும். அதனால் நோயாளிப் பெட்டியில் எல்லாப் பக்கமும் ஒரே மிதமான சூடுதான். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம், உள்ளே சில நிமிடங்களில் 40-ஐத் தாண்டிவிடும். போதாததற்கு, எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரையும் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நம் ஊரில் ஆமைக்கு ஏது குளிர் என்று கேட்பவர்கள் ஏசி அறையின் டைல்ஸ் தரையையும் மார்கழி இரவையும் நினைத்துப் பார்க்கட்டும். மின்வெட்டுக்கு வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள்.

சூடு நிலைத்து அரை நாள் ஆனதும் தண்ணீர். ஒரு டப்பில் 30 டிகிரி வெதுவெதுப்பான நீர், மேல் ஓடும் வயிற்று ஓடும் சேரும் இடம்வரை. தலை தூக்க முடியாத ஆமைக்கு அதைவிடக் குறைவாக, தாடைக்கு அடியில் மடித்த துணி வைத்து. காலையும் மாலையும் 20 நிமிடம், ஆள் கூடவே இருக்க வேண்டும், ஒரு விரற்கடை நீரிலும் ஆமை மூழ்கிச் சாகும். குடிக்கிறதா என்று தொண்டையைப் பாருங்கள். மூக்கு நீருக்குள் இருக்க, கழுத்துத் தோல் மிடறு மிடறாக உள்ளே போய் வந்தால் குடிக்கிறது. நீரிலேயே சிறுநீர் கழிக்கும். கூடவே வரும் வெள்ளைப் பொருள் நீர்த்த தயிர்போல இருந்தால் நல்லது. பற்பசைபோல இறுகியோ, விரலில் தேய்த்தால் நறநறவென்றோ இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை, மூத்திரப்பையில் கல் சேர்ந்திருக்கவும் கூடும்.

தினமும் ஒரே நேரத்தில், நீரில் விடுவதற்கு முன், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 600 கிராம் ஆமை 60 கிராம் இழந்தால் அது பத்தில் ஒரு பங்கு, ஆபத்தான கணக்கு. மருத்துவருக்கு உங்கள் விவரிப்பைவிட இந்தத் தாள்தான் உதவும்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. போகும்முன் போனில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். நுரையீரல் சளி சந்தேகமென்றால் முன்பக்கத்திலிருந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் ஓடும் குடலும் நுரையீரலை மறைத்துவிடும். ஆமைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை, இருமித் துப்பவும் தெரியாது. சளி உள்ளேயே தங்கிக் கெட்டிப்படுவதால்தான் ஆமையின் நிமோனியா வாரக்கணக்கில் இழுக்கிறது.

மருந்தில் மூன்று விஷயம். ஐவர்மெக்டின், நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சிக்குப் போடுவது, ஆமையைக் கொன்றுவிடும். யார் சொன்னாலும் போடவிடாதீர்கள். இரண்டாவது, ஆமையின் உடம்பு மருந்தை மெதுவாகவே வெளியேற்றும், அதனால் செஃப்டாசிடிம் போன்ற ஆன்டிபயாடிக் ஊசியை மூன்று நாளைக்கு ஒருமுறைதான் எழுதிக் கொடுப்பார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் போட்டால் கெடுவது ஆமைதான். ஊசி முன்னங்காலில், இன்று இடது என்றால் அடுத்தது வலது. மூன்றாவது, வைட்டமின் ஏ ஊசி. இலை தின்னும் ஆமைக்கு அந்தக் குறை அபூர்வம், தேவையில்லாமல் போட்டால் தோல் உரிந்து ரணமாகும். கண் வீங்கியிருக்கிறது என்று உடனே அதை எடுப்பவர்களிடம் காரணம் கேளுங்கள்.

இரண்டு மூன்று நாள் நீரில் விட்டு, சிறுநீரும் ஒழுங்காகக் கழிந்தபிறகு தீனி. அதுவரை பொறுக்கலாம், நல்ல நிலையில் இருந்த ஆமை வாரக்கணக்கில் பசி தாங்கும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென முழுத் தீனி போனால் இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் சரிந்து, தேறிவந்த ஆமையும் செத்துப்போகும். கிரிட்டிகல் கேர் மாதிரியான, நோயுற்ற தாவர உண்ணிகளுக்கான தீனிப் பொடியைப் பாதிக் கெட்டியாகக் கரைத்து, கிலோவுக்கு 10 மில்லி வீதம், அதாவது 600 கிராமுக்கு 6 மில்லி, நாளுக்கு ஒருமுறை. தாங்கினால் நாலைந்து நாளில் முழுக் கெட்டிக்கு வந்து, அளவை இரட்டிப்பாக்கலாம். சோறு, பால், ரொட்டி, பழச்சாறு எதுவும் கூடாது.

சிரிஞ்சில் ஊட்டுவதுதான் வீட்டில் அதிகம் தவறாகும் இடம். ஆமையைத் தலை மேலாக நிமிர்த்திப் பிடித்து, தாடைக்குப் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் தலையை உள்ளே போகாமல் நிறுத்தி, கீழ் அலகை மெல்ல இறக்கவேண்டும். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. பீய்ச்சினால் கரைசல் நேராக நுரையீரலுக்குள் போகும். கன்னத்தோரம் அரை மில்லி விட்டு, விழுங்கிய பிறகு அடுத்தது. முடிந்ததும் ஐந்து நிமிடம் அதே நிமிர்ந்த நிலையில் வைத்திருங்கள். ஆமை ஒவ்வொரு முறையும் போராடினால், கழுத்தின் பக்கமாக உணவுக்குழாயில் ஒரு குழாய் பொருத்தச் சொல்வது மேல். பார்க்கப் பயமாக இருக்கும், ஆமைக்கோ அது நிம்மதி. குழாயோடே தானாகச் சாப்பிடவும் முடியும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 2, 3 மில்லி நீர் செலுத்திக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

நாய் கடித்து ஓடு உடைந்திருந்தால் எம்சீலோ ஃபெவிக்விக்கோ போட்டு மூடாதீர்கள். அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் அது. சலைனால் கழுவி, துணி சுற்றி, கொண்டுபோங்கள்.

பெட்டியையும் டப்பையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், ஆமையின் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தொடக்கூடாது.

தேறுகிற ஆமை முதலில் மோந்து பார்க்கும், சாப்பிடாது. செம்பருத்திப் பூ, முருங்கை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளித் துண்டு, அருகம்புல் இவற்றைக் கண்ணெதிரே வையுங்கள். தானாகத் தின்று எடை ஏறத் தொடங்கி இரண்டு வாரம் ஆகும்வரை சூட்டையும் தராசையும் விடாதீர்கள்.

அசைவில்லை, கண் உள்ளே போய்விட்டது என்றாலும் உடனே புதைக்காதீர்கள். குளிர்ந்த ஆமையின் இதயம் நிமிடத்துக்குச் சில முறைதான் துடிக்கும், கையால் தெரியாது. 30 டிகிரியில் ஒரு நாள் வைத்து, டாப்ளர் (இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி) அல்லது ஸ்கேன் உள்ள மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.