கோல்ஃப் நிதி சேகரிப்பு விருந்துக்கு ஏலப் பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி? திருகோணமலையில் முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

கோயில் மாம்பழத் திருவிழாவில் ஏலம் பார்த்திருப்பீர்கள். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பழம் பல ஆயிரத்துக்குப் போகும். அதை விட்டுக்கொடுக்க மனமில்லாத இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தால் போதும், விலை தானாக ஏறும். ஆஸ்பத்திரிக்கு ஒரு இயந்திரம் வாங்கவோ பிள்ளைகளின் படிப்புக்கோ கோல்ஃப் போட்டி வைத்து, இரவு விருந்தில் ஏலம் விடும்போதும் இதே கணக்குத்தான். எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் கேளுங்கள்: இதற்குப் போட்டி போட இந்த மண்டபத்தில் இரண்டு பேராவது இருப்பார்களா?

படி 1: வருகிறவர்களின் பட்டியலை எடுங்கள்

சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்ஸ் 18 குழி மைதானம். அங்கே போட்டி வைத்தால் கொழும்புக் கம்பனிக்காரர், படை அதிகாரிகள், ஊர் வைத்தியர்கள், வியாபாரிகள் எல்லாரும் கலந்து வருவார்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து லீவுக்கு வந்து நிற்கிறவர்களும் சேருவார்கள்.

பெயர்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஊரவர், வெளியூரவர். நிலாவெளி ஹொட்டேலில் இரண்டு இரவு என்றால் கொழும்புக்காரர் கை தூக்குவார். உப்புவெளியில் வீடு வைத்திருப்பவர் ஏன் தூக்கப் போகிறார்? அவருக்கு நுவரெலியாக் குளிர் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பொருள் இருக்க வேண்டும்.

படி 2: காசு கொடுத்தாலும் இலகுவில் கிடைக்காததைத் தேடுங்கள்

கோல்ஃப் ஆடுகிறவருக்கு மட்டை செட் வைக்காதீர்கள். எல்லாரிடமும் இருக்கிறது, உயரமும் கைப்பழக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். அவர் ஆசைப்படுவது இன்னொரு மைதானம். 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப், கண்டிக்குப் பக்கத்தில் திகன விக்டோரியா, நுவரெலியா, இவற்றில் ஏதாவது ஒன்றில் நான்கு பேர் சேர்ந்து ஆட ஒரு ஆட்டம், மட்டைப் பையைத் தூக்கி வரும் கெடியின் கூலி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஒன்றாய்க் கட்டிக் கொடுங்கள். ஒரு மேசை நண்பர்கள் சேர்ந்து கேட்பார்கள், பக்கத்து மேசை சும்மா இருக்காது.

வெளியூரவருக்கு நம் கடல். விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்க ஒரு படகு, புறாமலைக்கு ஒரு பயணம், உள் துறைமுகத்தில் மாலை நேரப் படகோட்டம், கரைக்கு வந்ததும் படகுக்காரர் வீட்டு நண்டுக்கறி. அந்தச் சாப்பாட்டைச் சேர்த்தால்தான் அது கடையில் கிடைக்காத பொருளாகிறது. புறாமலை தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டு பரிசில் அடங்குமா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கூட வருகிற மனைவிமாரை மறக்க வேண்டாம். நல்ல மருதமுனைக் கைத்தறிச் சேலை இரண்டு இருந்தால் அந்தப் பக்கமும் கைகள் உயரும்.

பவளப்பாறைத் துண்டோ ஆமை ஓடோ யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது சட்டவிரோதம், நம் கடலுக்கும் கேடு.

படி 3: வவுச்சரை ஒரு வரியும் விடாமல் எழுதுங்கள்

ஏலத்துக்குப் பிறகு வருகிற சண்டை பெரும்பாலும் இதில்தான். "நிலாவெளியில் தங்குமிடம்" என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதுங்கள்:

"இரண்டு பேர், இரண்டு இரவு, காலை உணவுடன். மே 1 முதல் செப்டெம்பர் 30 வரை. போயாவோடு வரும் நீண்ட வார இறுதிகள் தவிர. இரண்டு வாரம் முன்பே பதிய வேண்டும். வேறொருவருக்குக் கொடுக்கலாம்."

திகதி மிக முக்கியம். நம் கரைக் கடல் நவம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். ஒக்டோபரில் ஏலம் விட்டு, மூன்று மாதம் மட்டும் செல்லுகிற படகு வவுச்சரைக் கொடுத்தால், வாங்கினவர் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்த செப்டெம்பர் வரை செல்லும்படி கேட்டு வாங்குங்கள்.

படி 4: இனாமாகக் கேளுங்கள்

ஹொட்டேல்காரரிடம் நேரில் போய், காசு எதற்குப் போகிறது என்பதை ஒரு பக்கக் கடிதத்தில் கொடுங்கள். அறை காலியாக இருக்கும் வார நாட்களைக் கேட்டால் மறுப்பது குறைவு. "விற்றால் எங்களுக்கு இவ்வளவு தந்தால் போதும், மிச்சம் உங்களுக்கு" என்று வெளிநாட்டுப் பயணம் தருகிறவர்களிடம் கவனம். அந்த அடிவிலை உயர்ந்திருந்தால் கைதட்டல் பலமாக இருக்கும், நிதிக்கு வருவது சொற்பம்.

படி 5: எது மேடையில், எது மேசையில்?

மேடை ஏலத்துக்கு ஐந்தாறு போதும். மற்றதெல்லாம் ஓரமாக மேசையில், பக்கத்தில் கேட்கிறவர்கள் எழுத ஒரு தாள்: பெயர், தொலைபேசி எண், கேட்கும் தொகை. தொடக்க விலையைச் சந்தை விலையில் பாதியளவில் வையுங்கள். ஒவ்வொரு ஏற்றமும் எவ்வளவு என்பதையும் தாளிலேயே போட்டுவிடுங்கள்.

மேடையில் முதலில் இடைத்தரமான ஒன்று. மூன்றாவது, நான்காவதாக உங்களிடம் உள்ளதில் சிறந்தது. எல்லாமே சாப்பாடு திறக்கும் முன் முடிய வேண்டும். நம் ஆட்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். காலையிலிருந்து வெயிலில் ஆடினவர்களைக் கேட்கவே வேண்டாம்.

"மூன்று தரம்" சொன்னதும் ஒருவர் போய்க் கையெழுத்து வாங்கட்டும். காசோ வங்கி மாற்றமோ அன்றிரவே வந்தபின் வவுச்சரைக் கையில் கொடுங்கள். அந்த வாரமே, பொருள் தந்த ஒவ்வொருவருக்கும் அது எவ்வளவுக்குப் போனது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வருடம் அதே வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.