குருதிப் புரத வலையமைப்பில் மறதிநோயைத் தேடும்போது விடுகிற பிழைகள்

ஆயிரக்கணக்கான குருதிப் புரதங்களை ஒரே தடவையில் அளந்து, சேர்ந்து கூடிக் குறைகிறவற்றை இணைத்து வலையமைப்பாக்கி, அதைக் கொத்துக்களாகப் பிரித்து, எந்தக் கொத்து டிமென்ஷியா (மறதிநோய்) அபாயத்தோடு போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மென்பொருள் கொத்தைக் கட்டித் தரும். அதற்குக் காரணம் நோய்தானா என்று சொல்லித் தராது. பெரும்பாலான பிழைகள் கணினிக்கு முன்னரே நடந்து முடிந்துவிடும்.

பொத்துவிலில் காலையில் எடுத்த குருதி, நூறு கிலோமீற்றருக்கு மேல் வெயிலில் வந்து மதியம் மட்டக்களப்பு ஆய்வுகூடத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். அதற்குள் குருதிச் சிறுதட்டுக்கள் தம் புரதங்களைக் குழாய்க்குள் கொட்டிவிடும். பிறகு பொத்துவில்காரர் எல்லோரும் ஒரு கொத்தில் உயர்ந்து நிற்பார்கள். கொத்தின் நடுவில் பி.எஃப்.4 என்ற சிறுதட்டுப் புரதம் இருந்தால் மூளையை விட்டுவிட்டு நேரப் பதிவேட்டைப் புரட்டுங்கள். குருதியை உறையவிடாத ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, எடுத்த ஊரிலேயே இரண்டு மணித்தியாலத்துக்குள் 2000 ஜி விசையில் 10 நிமிடம் மையநீக்கியில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவைச் சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். உருகாமல் கொண்டுவந்து -80 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். எடுத்த, சுழற்றிய, உறையவைத்த நேரங்கள் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். செங்குருதிக் கலம் உடைந்து சிவந்த பிளாஸ்மா வேண்டாம். மின்வெட்டு நீண்ட நாளையும் குறித்துவையுங்கள்.

அடுத்தது சிறுநீரகம். சிறுநீரகம் வடிகட்டி அகற்றும் புரதங்களான சிஸ்டற்றின் சி, பீற்றா-2 மைக்ரோகுளோபியூலின் இரண்டும் ஒன்றாக நிற்கும் கொத்து, வடிகட்டல் குறைந்ததைக் காட்டுகிறதே தவிர மூளைத் தேய்வை அல்ல. நரம்புச் சேதத்தின் அடையாளமான என்.எஃப்.எல். புரதம் கூடச் சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும். அம்பாறையின் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவைப் பார்க்காத ஆய்வு அங்கே வீண். ஜி.டி.எஃப்.15 என்ற புரதம் இன்னும் சிக்கல்: பிரித்தானிய பயோபேங்க் என்ற பெரிய சுகாதார ஆய்வுத் தரவில் டிமென்ஷியாவை முன்கூட்டிக் காட்டிய புரதங்களுள் அதுவும் ஒன்று, நீரிழிவு மருந்தான மெட்போமின் பாவிப்பவரிடமும் அது உயரும். நம் நீரிழிவு கிளினிக்குகளில் மெட்போமின் பாவிக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் நீரிழிவே டிமென்ஷியா அபாயம் என்பதால், நீரிழிவைக் கணக்கில் கழித்தும் கழிக்காமலும் இரண்டு முடிவையும் காட்டுவதே நேர்மை.

நோயாளரின் மாதிரிகளை ஒரு ஆய்வுகூடத் தட்டிலும் மற்றவருடையதை இன்னொரு தட்டிலும் அளந்தால் பிறகு எந்தக் கணிதமும் காப்பாற்றாது. கலந்து அடுக்குங்கள்.

வலையமைப்பில் ஏறும் புரதமும் இறங்கும் புரதமும் ஒரே கொத்தில் விழுவது, கூட்டல், கழித்தல் குறி பார்க்காத இணைப்பைத் தெரிவுசெய்வதால். குறியுள்ள வலையமைப்பைத் தெரிவுசெய்யுங்கள். முப்பது நாற்பது பேரில் கட்டிய கொத்து அடுத்த குழுவில் கலைந்துபோகும்; கொத்து வேறொரு குழுவிலும் நிலைக்கிறதா என்று அளக்கும் ஸெட் சுருக்க மதிப்பு (Zsummary) 2க்குக் கீழே வந்தால் அது நிலைத்த கொத்தே அல்ல, 10ஐத் தாண்டினால் நம்பலாம்.

யாருக்கு டிமென்ஷியா என்ற முத்திரையும் பிழையாகலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற தாய்மாருக்கு நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மொக்கா சோதனை ஒரு புள்ளிதான் கூட்டிக் கொடுக்கிறது; அது போதாது. அன்றாட வேலைகளை வீட்டாரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். குருதி எடுத்து ஐந்து வருடத்துக்குள் நோய் வந்தவர்களை விலக்கி ஒரு தடவை கணக்கிடுங்கள்: கொத்தின் தொடர்பு மறைந்தால், நீங்கள் பார்த்தது அபாயத்தை அல்ல, ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோயை.